கம்பெனி புஷ்

ஒரு பொருள் தேய்ந்தால், தேய்ந்த பாகம் எங்கே போகிறது?

செருப்பு தேய்ந்தால் ரோட்டோடு போகிறது என்று சொல்லிவிடலாம். சோப்பு தேய்ந்தால் சாக்கடைக்கு. எங்கள் வீட்டு கிரைண்டரின் குழவிக்குள் இருந்த பிளாஸ்டிக் தேய்ந்து பாதியாகிவிட்டது. அந்தப் பாதி எங்கே போனது என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிரைண்டரிலிருந்து மாவு வெளியே போவதற்கு ஒரே வழிதான் உண்டு. அந்த வழியின் முடிவில் என் மகளுடைய சின்னக் கிண்ணம் இருக்கிறது.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறோம். கணவர் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். வருகிற பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். மகள் பிறக்கும் வரை ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு இப்போது முன்பல் இரண்டு முளைத்திருக்கிறது. இட்லியை ரசத்தில் ஊறவைத்து மசித்துக் கொடுத்தால் வாயைத் திறப்பாள். வேறு எதைக் கொடுத்தாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னை விரோதியைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். அதனால் எங்கள் வீட்டில் மாவு தீரக் கூடாது.

அந்த மாவு எங்களுக்கு மட்டும் அல்ல. எதிர் வீட்டு அக்கா காலையில் கம்பெனிக்குக் கிளம்பும்போது அவர்கள் வீட்டு அரிசியையும் உளுந்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அரைப்பேன். மாலையில் வந்து பாத்திரத்தோடு எடுத்துக்கொள்வார். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி, ஆய்ந்து சுத்தம் செய்து, எங்கள் பங்கைக் கொண்டுவந்து தருவார். நான் குளிக்கும் நேரத்தில் மகளை வைத்துக்கொள்வதும் அவர்தான். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். காலையில் தோசை, மாலையில் தோசை, லீவு நாளில் மதியமும் தோசை.

முதலில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. உளுந்து மாவை வழித்தெடுக்கும்போது விரல் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இழை. மகளுக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த மை என் விரலில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக் கழுவிவிட்டேன். அடுத்த முறை அரைத்தபோது பொட்டு வைக்காமலேயே அந்தக் கோடு வந்தது. உளுந்தின் தோலாக இருக்குமோ என்று பார்த்தேன். நான் வாங்கியது தோல் நீக்கிய உளுந்து. குழவி சுழலும் கம்பியைத் துணியால் துடைத்தேன். துணி கறுப்பானது. மறுபடியும் துடைத்தேன். மறுபடியும் கறுப்பு.

அன்று மாலை கணவர் குழவியைக் கம்பியிலிருந்து கழற்றினார். கல்லின் நடுவில் குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். அதற்குள்தான் கம்பி போகும். அதுதான் புஷ். அதை ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டி வெளியே எடுத்து என் கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் நகத்தைப் போல மெல்லியதாகவும் இருந்தது.

"இவ்ளோ தேஞ்சிருக்கே, இது எல்லாம் எங்கங்க போயிருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் தன் வயிற்றைத் தடவிக் காட்டினார். "நம்மகிட்டதான் பத்திரமா கீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டு, "ஒரு புஷ்தானே, மாத்திட்டா முடிஞ்சுது," என்றார். ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிற செலவில் முடிகிற காரியம் என்று அவர் சொன்னது விலையைப் பொறுத்தவரை உண்மைதான்.

முறைப்படி செய்வோம் என்று முதலில் தயாரித்த நிறுவனத்துக்கே போன் செய்தேன். பாட்டு ஓடியது, எண்களை அழுத்தச் சொன்னது, மறுபடியும் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"மேடம், உங்க மாடல் இப்ப வர்றதில்ல. அதனால ஸ்பேர் சப்ளை இல்ல. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு மேடம்."

"எனக்கு மெஷின் வேணாம்மா. மெஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கற புஷ் மட்டும்."

"புதுசு எடுத்தா புஷ்ஷும் புதுசா வரும் மேடம்."

"சரி, அந்தப் பழைய புஷ் எதுல செஞ்சது? அதையாவது சொல்லுங்க. அது தேஞ்சு மாவுல கலந்திருக்கு. வீட்ல குழந்தை இருக்கு."

"ஃபுட் கிரேடு மேடம்."

"ஃபுட் கிரேடு எந்த பிளாஸ்டிக்?"

"ஃபுட் கிரேடு பிளாஸ்டிக் மேடம்."

அவள் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவளுக்கு முன்னால் இருக்கும் திரையில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஆனாலும் கோபம் வந்தது. போனை வைத்த பிறகு, பாவம் அந்தப் பெண்ணிடம் குரலை உயர்த்திவிட்டோமோ என்று அதற்கும் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டேன்.

அந்த கிரைண்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. என் கல்யாணத்துக்கு அப்பா கோயம்புத்தூர் வரை போய் வாங்கி வந்தது. வண்ணாரப்பேட்டையிலேயே கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். "செய்யற ஊர்ல வாங்கினாத்தான் பொருள் எப்படின்னு தெரியும்" என்று ரயில் ஏறிப் போனார். கல்லைத் தட்டிப் பார்த்தார், பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தார், மோட்டாரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார். குழவிக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கை அவர் பார்த்திருக்க மாட்டார். நானும் பார்க்கவில்லை. கல்லில் அரைத்த மாவு என்று சொல்லிக்கொண்டே இத்தனை நாள் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத்தான் அரைத்திருக்கிறோம். புது கிரைண்டர் வாங்கினாலும் அதற்குள்ளும் ஒரு புஷ் இருக்கும்.

அடுத்து இணையத்தில் தேடினேன். எங்கள் மாடலின் பெயரைப் போட்டதும் வரிசையாக வந்து நின்றன. 'ஒத்துப்போகும்' என்று போட்டிருந்த ஒன்றை, நட்சத்திரங்களைப் பார்த்து, விமர்சனங்களைப் படித்து, வாங்கலாமா வேண்டாமா என்று பலமுறை கூடையில் போட்டு எடுத்து, கடைசியில் ஆர்டர் செய்தேன். வந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தேன். செய்த நாடு இந்தியா என்று இருந்தது. விற்பவர் பெயர் இருந்தது. பொட்டலம் கட்டியவர் பெயர் இருந்தது. இருவருமே டெல்லிப் பக்கம். புகார் சொல்ல ஒரு மெயில் முகவரியும் இருந்தது. செய்தவர் யார் என்பது மட்டும் எங்கும் இல்லை.

அந்த மெயில் முகவரிக்கு எழுதினேன். எந்தப் பொருளில் செய்யப்பட்டது, எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று மரியாதையாக, ஆங்கிலத்தில், ஒருமுறை பிழை திருத்தி அனுப்பினேன். என் அனுபவத்தை ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடச் சொல்லிப் பதில் வந்தது. புஷ்ஷும் எங்கள் கல்லுக்குச் சேரவில்லை. லூசாக இருந்தது. சுழலும்போது கீச் கீச்சென்று கத்தியது. மகள் அந்தச் சத்தத்துக்குக் கை தட்டினாள். திருப்பி அனுப்பினேன்.

கணவர் யார்டிலிருந்து வந்து இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "ரோட்ல எண்ணூர் வரைக்கும் டிரெய்லர் நிக்குது பாத்தியா? நீ தேடுற புஷ்ஷு அதுல எந்தப் பொட்டிலயாவது கீது. நம்பரு சொல்லு, நான் தொறந்து பாக்குறேன்," என்றார்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாட்டு இல்லம்மா. பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு எங்களுக்கே பேப்பர்ல எழுதினதுதான் தெரியும். 'பிளாஸ்டிக் பொருள்'னு ஒரு வரி போட்டிருப்பான். அதுக்குள்ள சீப்பும் இருக்கும், ஏரோபிளேனு ரெக்கையும் இருக்கும்."

உலகத்திலிருந்து இந்த நகரத்துக்குள் வரும் சாமான்களில் பாதி எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது. அந்த லாரிகளின் தூசியைத் துடைத்தே என் காலை முடிகிறது. எனக்கு வேண்டிய ஒரு விரல் நீளச் சாமான் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பழைய புஷ்ஷை ஒரு கவரில் போட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். துணிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்தில், மிக்ஸி, கிரைண்டர், குக்கர் சாமான்கள் மட்டும் விற்கிற கடை. கதவிலிருந்து கூரை வரை ஜார் மூடியும் வாஷரும் பெல்ட்டும் மாலை மாதிரி தொங்கின. முதலாளி தெற்கத்திக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.

கவரை நீட்டினேன். அவர் புஷ்ஷை விரலில் மோதிரம் மாதிரி மாட்டிப் பார்த்தார்.

"நல்லா வேலை வாங்கியிருக்கியளே. மாவு யாவாரமா?"

"இல்லண்ணாச்சி, வீட்டுக்குத்தான். ரெண்டு வீட்டுக்கு."

"இருக்கு. எந்த வெலையில வேணும்? சைனா இருக்கு, லோக்கல் இருக்கு."

"சைனா வேணாம்."

அவர் ஒரு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு டப்பாவை எடுத்தார். "அப்ப இதைப் பாருங்க. இது சைனா இல்ல, பி.ஆர்.சி."

"அண்ணாச்சி, பி.ஆர்.சி.ன்னா சைனாதான்."

அவர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். உண்மையிலேயே யோசித்தார். "அப்படியா சொல்லுதிய? நான் கொரியாப் பக்கம்னுல்லா நெனச்சேன். இத்தன நாளா அப்படிச் சொல்லித்தான் வித்திருக்கேன். ஒருத்தரும் கேக்கலியே."

பக்கத்தில் குக்கர் கைப்பிடி வாங்க வந்திருந்த ஒருவர், "அப்ப எனக்குக் குடுத்தது இன்னா நாடு அண்ணாச்சி?" என்று கேட்டார். "உங்களுக்குக் குடுத்தது நம்ம நாடுதான், பேசாம இரும்" என்றார் அண்ணாச்சி.

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். "லோக்கல் வேணாம் அண்ணாச்சி. எனக்குக் கம்பெனி பீஸ்தான் வேணும். சின்னக் குழந்தை சாப்பிடறது."

அவர் உள்ளே கையை விட்டு, எதுவும் அச்சடிக்காத ஒரு பாலிதீன் உறையிலிருந்து கறுப்பு நிறப் புஷ் ஒன்றை எடுத்து என் பழைய புஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே நீளம். அதே தடிமன்.

"இது கம்பெனியா?"

"கம்பெனிதாம்மா. போட்டுப் பாருங்க, சத்தம் வராது."

"நிஜமாவே கம்பெனிதானே?"

"அட, கம்பெனி இல்லாம நானா வீட்ல உருட்டி வச்சிருக்கேன்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அவர் பொய் சொன்னதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. நான்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கம்பெனி என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது, தினமும் காலையில் எதிர் வீட்டு அக்கா "கம்பெனிக்கு டைமாச்சு" என்று ஓடுவதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

புஷ் பொருந்தியது. சத்தமில்லை. அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. முதலில் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓடவிட்டு அந்த மாவைக் கொட்டினேன். புதுக் கல்லுக்கு அப்படித்தான் செய்வார்கள். கொட்டிய மாவு கறுத்திருந்தது. மறுபடி ஒரு பிடி. மறுபடியும் அதே சாம்பல் கோடு. கம்பி சூடானதும் ஒரு வாடை வந்தது. மழையில் நனைந்த பழைய ரப்பர் செருப்பை வெயிலில் வைத்தால் வருமே, அந்த மாதிரி. கணவர் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரல. எண்ணூர் ஃபேக்டரி காத்துல பொறந்து வளந்த மூக்கு இது, இத்த நம்பாத," என்றார்.

அன்று மகளுக்கு இட்லி கொடுக்கவில்லை. கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினேன். அவள் அதைத் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

அக்கா மாலையில் மாவுக்கு வந்தார். நான் இன்னும் அரைக்கவில்லை என்று சொல்லி, காரணத்தையும் சொல்லி, கழற்றி வைத்திருந்த புதுப் புஷ்ஷைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். முகம் மாறி, வாய் கோணிச் சிரித்தார்.

"இத்த எங்கமே வாங்கின?"

"வண்ணாரப்பேட்டைலக்கா. கம்பெனி பீஸ்னு கேட்டு வாங்கினேன்."

"கம்பெனி பீஸ்தான். எங்க கம்பெனி பீஸு மாதிரியே கீது."

எனக்குப் புரியவில்லை. அவர் உட்கார்ந்து சொன்னார். அவர் வேலை செய்வது எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஷீட் போட்ட ஒரு கொட்டகையில். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றுகிற மெஷின்கள் ஓடும். வாளிப் பிடி, சேர் கால் மூடி, சுவிட்ச் டப்பா, புஷ், எந்த ஆர்டர் வருகிறதோ அது. சூடாக விழும் பொருளின் ஓரத்துப் பிசிறை பிளேடால் சீவி மூட்டையில் போடுவது அக்காவின் வேலை.

"அப்ப இது நீங்க சீவினதா?"

"அது எப்டி சொல்ல முடியும்? இந்த ரோட்டுல இப்டிப்பட்ட கம்பெனி நெறைய கீது. எல்லாம் ஒரே மாதிரிதான் போடுறாங்கோ. எங்களுதா இருந்தாலும் இருக்கும், பக்கத்து கம்பெனியுதா இருந்தாலும் இருக்கும்."

"நான் கம்பெனின்னு கேட்டது கிரைண்டர் கம்பெனியக்கா."

"அவரு சொன்னது செய்யற கம்பெனி. இன்னாமே இவ்ளோ படிச்சிட்டு, கம்பெனின்னா ஒண்ணுதான் கீதுன்னு நெனச்சிகினு இருந்தியா?"

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். "அதுல என்ன போடறாங்க?"

"தானா போடுவாங்கோ."

தானா என்றால் பிளாஸ்டிக் குருணை. கோழித் தீவனம் மாதிரி மூட்டையில் வரும் என்றார். வெள்ளைத் தானா, கறுப்புத் தானா என்று இரண்டு உண்டாம். கறுப்பு பெரும்பாலும் பழசை அரைத்துச் செய்தது. உடைந்த நாற்காலி, டிரம், பைப், எல்லாம் மாதவரம் பக்கம் எங்கோ அரைபட்டு வண்டியில் வரும். பழையது பல கலரில் இருப்பதால் எல்லாவற்றையும் மறைக்கக் கறுப்புப் பொடி கலப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

"டிரம்முன்னா எந்த டிரம்முக்கா? உள்ள என்ன இருந்த டிரம்மு?"

"எனிக்கு இன்னா தெரியும்? மூட்டை மேல எழுதியா ஒட்டிருக்கும்? ஆர்டர் குடுக்குற பார்ட்டிதான் தானாவும் குடுப்பான், ஓனர் ஓட்டுவாரு, நான் சீவுவேன். சீவறது கிரைண்டர்ல போவுதா, கதவுல போவுதான்னு யாரு கண்டா? புஷ்ஷு இட்லி மாவுல சுத்தும்னே எனிக்கு இப்பதான் தெரியுது."

எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார். "யாராண்டயும் நான் சொன்னேன்னு சொல்லாத. கம்பெனி மேல பேச்சு வந்தா என் வேலதான் மொதல்ல போவும்."

நான் தலையாட்டினேன். உடனே கேட்டேன்: "உங்க பசங்களும் இந்த மாவைத்தானேக்கா சாப்பிடறாங்க?"

"அதுங்க இந்த ஊரு காத்தையே தின்னுகினு கீதுங்க. மாவுல வர்றது இன்னா பண்ணப் போவுது? நீ ஒரு பேஜாரு புடிச்சவ. அரைச்சு வை, நாளிக்கு எடுத்துக்குறேன்."

அவர் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. கிண்டலாகத்தான் சொன்னார். காற்றில் தொழிற்சாலை வாடை வரும் நாட்களில் நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைக் கூட்டுகிறவள்தான். காற்றை நான் கடையில் போய்த் தேர்ந்தெடுக்கவில்லை. புஷ்ஷைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் என்னைக் குடைகிறது.

குழந்தைக்கு ஊசி போடப் போனபோது டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் புஷ் என்று தொடங்கி, குழவி என்று விளக்கி, தேய்மானத்துக்கு வருவதற்குள், "வீட்ல அரைச்ச மாவுதானே? ரொம்ப நல்லது, அதையே குடுங்க," என்று அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார். போனில் இருக்கும் தாய்மார்கள் குழுவில் கேட்டேன். கிரைண்டரைத் தூக்கிப் போட்டு ஆட்டுக்கல் வாங்கச் சொன்னார் ஒருவர். மிக்ஸியில் அரைக்கச் சொன்னார் இன்னொருவர். மிக்ஸி ஜாரின் அடியிலும் ஒரு புஷ் இருக்கிறது என்று மூன்றாமவர் எழுதினார். அதற்குப் பிறகு அந்தக் குழுவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

சில நாள் கழித்து அக்கா, கறுப்புப் புஷ்ஷிலேயே நான் அரைத்துக் கொடுத்த மாவின் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தபோது அதற்குள் ஒரு வெள்ளைப் புஷ் கிடந்தது. "புதுத் தானா ஓடுச்சு. ஓனராண்டயே கேட்டு எடுத்தாந்தேன், திருட்டு சாமான்னு நெனச்சி நீ அதுக்கு வேற தூக்கம் கெடுவ," என்றார். நான் கேட்க வாயெடுத்தது அதைத்தான்.

வெள்ளைப் புஷ்ஷை மாட்டினோம். வாடை இல்லை. கோடு இல்லை. துணியால் துடைத்தால் துணி சுத்தமாக இருந்தது. முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். இட்லி ஊற்றினேன். மகள் ஆவலாக வாயைத் திறந்தாள். ஸ்பூனை அவள் வாய் அருகே கொண்டுபோன பிறகுதான் அது தோன்றியது. மாவு வெள்ளை. புஷ்ஷும் வெள்ளை. இதுவும் தேயத்தான் போகிறது. தேய்ந்தால் இனிமேல் எனக்குத் தெரியவே தெரியாது. கறுப்புப் புஷ்ஷாவது தான் கலப்பதைக் காட்டிக்கொடுத்தது.

அக்காவிடம் ஓடிப்போய்க் கேட்டேன், வெள்ளை என்றால் எப்போதும் புதுப் பிளாஸ்டிக்தானா என்று. "அப்டித்தான் சொல்றாங்கோ. வெள்ளப் பொடி போட்டாலும் வெள்ளையாத்தான் ஆவும். எந்த மூட்டைல இன்னா போட்டாங்கன்னு நான் நின்னுகினா பாத்தேன்?" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "உனிக்கு இன்னாதாமே வேணும்? கறுப்பா இருந்தா கறுப்புன்ற, வெள்ளையா இருந்தா வெள்ளைன்ற," என்றார்.

எனக்கு என்ன வேண்டும் என்று அன்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன். இதை நான் செய்தேன், இன்ன பொருளில் செய்தேன், சாப்பாட்டில் படுவதற்கு இது ஆகும் என்று ஒரு மனிதர் தன் பெயரைப் போட்டு விற்கும் ஒரு புஷ் வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பத்து மடங்கு கூடினால் முடியாது. கெமிஸ்ட்ரி படித்திருக்கிறேன், நெருப்பில் காட்டினால் எந்தப் பிளாஸ்டிக் எப்படி எரியும் என்று புத்தகத்தில் படித்தது நினைவிருக்கிறது. பழைய புஷ்ஷின் ஒரு துண்டை அடுப்பில் காட்டியும் பார்த்தேன். புகை வந்தது, இருமல் வந்தது, விடை வரவில்லை. எது என்று ஒருவேளை தெரிந்தாலும், அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று நெருப்பு சொல்லாது.

மகளுக்கு இப்போது சாதத்தைக் குழைத்துக் கொடுக்கிறேன். பாதி உள்ளே, பாதி தரையில். நானும் கணவரும் இட்லி சாப்பிடுகிறோம். அக்காவின் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். இதில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என் குழந்தைக்குக் கொடுக்கப் பயப்படுவதை எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தெரிந்தேதான் வாங்கிக்கொள்கிறார். நான் நிறுத்தினால் அவர் கடை மாவு வாங்க வேண்டும். அந்தக் கடை கிரைண்டருக்குள்ளும் ஒரு புஷ் சுற்றும், ஒருவேளை அவரே சீவியது. அப்படியென்றால் நான் அரைத்துக் கொடுப்பதே மேலா? இப்படி நினைப்பது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமா? கணவரிடம் கேட்டால், "உனக்குக் கவலப்பட ஒரு சாமான் வேணும், இந்த வாரம் புஷ்ஷு," என்கிறார். இருக்கலாம். நான் அதிகமாகத்தான் பயப்படுகிறேனோ என்னவோ. ஆனால் துணியில் வந்த கறுப்பை நான் கற்பனை செய்யவில்லை.

அக்கா வீட்டு அரிசியும் எங்கள் அரிசியும் ஒரே பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. மகள் தூங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கிரைண்டர் செய்கிறவர்கள் இருக்கலாம், பழுது பார்க்கிறவர்கள் இருக்கலாம், பிளாஸ்டிக் தொழிலில் இருக்கிறவர்கள் இருக்கலாம், என்னைப் போல இரண்டு வீட்டுக்கு அரைக்கிறவர்களும் இருக்கலாம். குழவிக்குப் பித்தளையிலோ மரத்திலோ புஷ் போட்டு ஓட்டியவர்கள் யாராவது உண்டா? அது எத்தனை நாள் தாங்கியது, மாவில் எதுவும் தெரிந்ததா? தன் பெயரைப் போட்டு, எதில் செய்தது என்று எழுதி விற்கிற இடம் எந்த ஊரில் இருந்தாலும் சொல்லுங்கள், கணவரை அனுப்பியாவது வாங்கிக்கொள்கிறேன். அது கிடைக்கும் வரை அக்காவின் பிள்ளைகளுக்கு நான் அரைத்துக் கொடுக்கலாமா, கூடாதா? கூடாது என்றால், ஞாயிற்றுக்கிழமை மீனோடு வந்து நிற்பவரிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்றும் சேர்த்து எழுதுங்கள்.